முதலில் அடுப்பு

போன மாதக் கூட்டத்துல ரெண்டு விண்ணப்பங்களுக்கு, "இப்போதைக்கு எங்களால முடியாது"ன்னு பதில் சொன்னோம். ஒன்னு டியூஷன் வகுப்பு, இன்னொன்னு யாத்திரைக்குப் பஸ். "கோயில்ல இருந்துகிட்டு இப்படிச் சொல்லலாமா?"ன்னு சிலர் வருத்தப்பட்டாங்க. அவங்களுக்காக வடலூர் வரலாற்றைக் கொஞ்சம் சொல்றோம்.

1867 மே 23-ஆம் தேதி வள்ளலார் வடலூரில் சத்திய தரும சாலையைத் தொடங்கினார். நிலம் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தது. சாதி, மதம் பார்க்காமல் பசித்து வந்தவருக்குச் சோறு போடுவதே அங்கே வேலை.

அவருக்கு வேறு எண்ணங்கள் இல்லாமல் இல்லை. மூலிகைகளின் குணங்களை எழுதிவைத்தவர். வைத்திய சாலை, சாஸ்திர சாலை என்றெல்லாம் திட்டம் வைத்திருந்தவர். ஆனாலும் முதலில் மூட்டியது அடுப்பைத்தான். வழிபாட்டுக்கான சத்திய ஞான சபைகூட 1872 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அதாவது, சோறு போட ஆரம்பித்து நாலரை வருஷம் கழித்து!

இந்த வரிசைக்கான காரணம் அவருடைய 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' நூலில் இருக்கிறது. உயிர்களுக்கு வரும் துன்பங்களைப் பசி, கொலை, பிணி, தாகம், இச்சை, எளிமை, பயம் என்று எண்ணுகிறார். பசியையும் கொலையையும் தடுப்பதை மேலான கருணையாக வைக்கிறார். மற்றவற்றைத் தீர்ப்பதும் கருணைதான், ஆனால் அடுத்த படியில். குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்குச் சோறு போடுவதையும் அவர் ஏற்கவில்லை.

1874-இல் வள்ளலார் மறைந்தார். இரண்டே ஆண்டில் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் பிடித்தது. அதற்கு முன்பே அந்த அடுப்பு அங்கே இருந்தது, இன்றும் எரிகிறது.

இப்ப நம்ம கதை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாங்க எல்லாத்துக்கும் தலையாட்டினோம். இருக்கிறதே பன்னிரண்டு தொண்டூழியர்கள். பாதிப் பேர் விடியறதுக்கு முன்னாடியே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூனு வேலையை ஒன்னா இழுத்துப் போட்டுக்கிட்டோம். பிளாட்ல தனியா இருக்கிற ஒரு பாட்டிக்கு மத்தியானச் சோறு மூனரை மணிக்குத்தான் போச்சு. அவங்க கோவிச்சுக்கல. "வேலை இருந்திருக்கும்யா"ன்னு மட்டும் சொன்னாங்க. அது இன்னும் மனசுல உறுத்துது.

அதனாலதான் ஒரு வரிசை வச்சோம். முதல்ல ஞாயிறு சோறு. அடுத்தது, ஆதரவில்லாதவங்களோட ஈமக்காரியம். இந்த ரெண்டும் குறையில்லாம நடந்தாதான் மூனாவது. வீட்டுல எஸ்.பி.எம். எழுதுற பிள்ளை இருக்கிற தொண்டூழியருக்குப் பரீட்சை முடியற வரைக்கும் லீவு. டியூஷன் கேட்டவங்களை வெறுங்கையோட அனுப்பல. ஏற்கெனவே வகுப்பு நடத்துறவங்ககிட்ட சேர்த்துவிட்டோம். பஸ் கேட்டவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டோம்.

வர்ற ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காய் நறுக்க நாலு பேர் வேணும். சோறு பன்னிரண்டு மணிக்கே பாட்டி வீட்டுக்குப் போயிடணும். வாங்க.