பழைய சர்வரில் ஓடும் கோட், புதிய சர்வரில் ஏன் படுத்துவிடுகிறது? 'மறைமுகச் சார்பு' என்றால் என்ன?

தேர்வு முடிவு வெளியாகும் நாள். இணையதளம் திணறுகிறது, அவசரமாகப் புதிய சர்வர்களைச் சேர்க்கிறார்கள். இரண்டு வருடமாகப் பிரச்னையே தராத அதே கோட், புதிய சர்வரில் முதல் ரன்னிலேயே எரர் காட்டி நிற்கிறது. மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறது. 'ஏதோ நெட்வொர்க் கோளாறு' என்று விட்டுவிடுவார்கள். பல நேரம் கோளாறு நெட்வொர்க்கில் இல்லை, வேலை நடக்கும் வரிசையில்தான் இருக்கும்.

சர்வரைக் கையால் அமைக்காமல், 'இதில் இன்னின்ன இருக்கணும்' என்று எழுதிக் கொடுத்தால் அப்படியே அமைத்துத் தருபவைதான் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் கருவிகள். 2005-ல் லூக் கேனிஸ் உருவாக்கிய பப்பெட் அவற்றில் ஒன்று. அதில் ஒவ்வொரு பேக்கேஜும் ஃபைலும் யூசரும் சர்வீஸும் ஒரு 'ரிசோர்ஸ்'. எது எதை நம்பி இருக்கிறது என்று வரைபடம் போட்டுக்கொண்டு, அதன்படி வேலையைத் தொடங்கும்.

சொல்லாமலே அதற்கு எப்படித் தெரியும்?

சிலவற்றைப் பப்பெட் தானாகவே ஊகிக்கும். இதற்கு 'ஆட்டோரிக்வயர்' என்று பெயர். ஒரு டைரக்டரியையும் அதற்குள் ஒரு ஃபைலையும் எழுதினால், டைரக்டரிதான் முதலில் என்று அதற்குத் தெரியும். ஃபைலின் ஓனராக ஒரு யூசரைக் குறிப்பிட்டால், அந்த யூசரை முதலில் உருவாக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டுமே நீங்கள் பப்பெட்டிடம் ஒப்படைத்த ரிசோர்ஸ்களாக இருக்கணும்.

இங்கேதான் சிக்கல். என்ஜின்எக்ஸ் பேக்கேஜை நிறுவும்போது அதன் கான்ஃபிக் டைரக்டரியும் கூடவே வரும். அது உங்களுக்குத் தெரியும், பப்பெட்டுக்குத் தெரியாது. பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால் கான்ஃபிக் ஃபைலை முதலில் எழுதப் போனால், டைரக்டரி இல்லை, எரர். அதே ரன்னில் பிறகு பேக்கேஜ் நிறுவப்பட்டுவிடும். இரண்டாவது ரன்னில் எல்லாம் சுபம். பழைய சர்வரிலோ டைரக்டரி ஏற்கெனவே இருப்பதால் தப்பு வெளியே தெரியவே தெரியாது. (வாக்கு எண்ணிக்கை நாள் டேஷ்போர்டு ஒன்றுக்கு நானும் இந்த 'இன்னொரு தடவை ஓட்டு' வைத்தியம் பார்த்திருக்கிறேன். சொல்ல வெட்கம்தான்.)

எழுதிய வரிசையிலேயே செய்தால் போதாதா?

அன்சிபிள் அப்படித்தான் செய்கிறது. 2015-ல் வந்த பப்பெட் 4-லும், வேறு சார்பு இல்லாத இடத்தில் எழுதிய வரிசையே இயல்பான விதி. அதற்கு முந்தைய பதிப்புகளில் ரிசோர்ஸின் பெயரை வைத்து வரிசை அமைந்தது. பெயரை மாற்றினால் வரிசையும் மாறக்கூடும்!

ஆனால் வரிசை வேறு, சார்பு வேறு. பேக்கேஜ் நிறுவுவது தோற்றுப்போனால், அதை நம்பியிருப்பதாகச் சொல்லப்பட்ட சர்வீஸைப் பப்பெட் தொடாது. வெறும் வரிசை மட்டும் இருந்தால், தோல்வியைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். கான்ஃபிக் மாறியதும் சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகணும் என்பதையும் 'நோட்டிஃபை' போட்டுச் சொன்னால்தான் உண்டு.

கிளவுட் வசதிகளை அமைக்கும் டெர்ராஃபார்மிலும் (2014) இதே கதை வேறு உருவில். ஒரு ரிசோர்ஸ் இன்னொன்றின் விவரத்தைக் குறிப்பிட்டால் சார்பு தானாகப் புரியும். குறிப்பிடாவிட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடலாம். ஒரு மெஷினில் ஓடும் சாஃப்ட்வேர், எஸ்3-யிலிருந்து டேட்டா எடுத்தால்தான் எழும் என்று வையுங்கள். அதற்கான அனுமதியைத் தரும் பாலிசியை மெஷினின் கோட் எங்கும் குறிப்பிடுவதில்லை. பாலிசி தயாராகும் முன்பே மெஷின் எழுந்துவிடும். அழிக்கும்போதும் ஆபத்து: மெஷின் இருக்கும்போதே பாலிசி போய்விடலாம். 'டிபெண்ட்ஸ் ஆன்' என்று எழுதுவதுதான் வழி.

ஊகத்தை முழுக்கத் தவிர்க்கத் தேவையில்லை. டைரக்டரிக்கும் ஃபைலுக்கும் நடுவே கையால் எழுதுவது வீண் வேலை. பேக்கேஜ், கான்ஃபிக், சர்வீஸ் ஆகிய மூன்றுக்கும் இடையில் மட்டும் சார்பை எழுதியே ஆகணும் என்பது என் கருத்து. சரிபார்க்கும் முறையும் எளிது. காலி சர்வர் ஒன்றில் கோடை ஓட்டுங்கள். முதல் ரன்னிலேயே எரர் இல்லாமல் முடியணும், இரண்டாவது ரன்னில் எதுவும் மாறக்கூடாது.