ஜூஜூவாடி தாண்டினால் சட்டம் வேறு: ஆன்லைன் கேம்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



செமஸ்டர் முடிந்து ஊருக்கு (சாமல்பட்டி) வந்து பத்து நாள் ஆகிறது. வந்த மறுநாளே வீட்டில் பஞ்சாயத்து. எட்டாவது படிக்கும் என் தம்பி அம்மாவின் போனில் ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடி, அதில் டைமண்ட் வாங்கியே 2,300 ரூபாய் காலி செய்திருக்கிறான். ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்டில் இருந்த அப்பாவுக்கு வங்கியிலிருந்து மெசேஜ் போன பிறகுதான் விஷயமே தெரிந்தது. அப்பாவுக்கு அம்மா மேல் கோபம். அம்மாவுக்குத் தம்பி மேல் கோபம். தம்பியோ "கேமே அப்படித்தான் கேக்குது, நான் என்ன பண்றது" என்கிறான். பெரியம்மா மட்டும் பொதுவாக, "கவர்மென்ட்டு எதுக்கு இருக்குதாம்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விட்டார்.

பணம் கூடப் பரவாயில்லை. வாங்கச் சொன்னது யாருடா என்றால் "எங்க ஸ்குவாடு அண்ணா" என்கிறான். அந்த அண்ணாவின் நிஜப் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, முகம் தெரியாது. மூன்று மாதமாக தினமும் ஹெட்செட்டில் பேசியிருக்கிறான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதில் யார்தான் பொறுப்பு என்று தேடப் போனவனுக்கு ஒரு சின்ன வரலாறே கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் சித்தப்பா ஒரு காலத்தில் ஊத்தங்கரையில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தவர். மொத்தம் நான்கு கம்ப்யூட்டர். ரிசல்ட் பார்க்க வருகிற கூட்டம் போக மீதி நேரமெல்லாம் கேம் ஆட வரும் பையன்கள்தான். ஏழு மணி ஆனால் எல்லோரையும் துரத்திவிடுவாராம். "எந்தப் பையன் யார் மகன்னு எனக்குத் தெரியும்டா. லேட்டானா அவங்கப்பன் என் கடைக்குத்தானே வருவான்" என்று இப்போதும் சொல்வார். அப்போது பொறுப்புக்கு ஒரு முகம் இருந்தது, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. சித்தப்பா ஒன்றும் பெரிய சமூகப் போராளி இல்லை :-) ஊருக்குள் கெட்ட பெயர் வரக்கூடாது என்ற பயம்தான், அவ்வளவே. ஆனால் அந்தப் பயம் வேலை செய்தது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை சரிந்தது. பிரௌசிங் சென்டர் சட்டைப் பைக்குள் வந்து உட்கார்ந்தது, ஏழு மணிக்குத் துரத்த ஆள் இல்லாமல். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியதும், போனைத் தொடாதே என்று சொல்லி வந்த அதே பெற்றோர் கடன் வாங்கியாவது போன் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பாடம் நடந்ததே அதில்தானே!

தமிழ்நாட்டில் முதல் பெரிய பயம் என்றால் 2017-இன் 'புளூ வேல்'. அந்த ஆகஸ்டு மாதக் கடைசியில் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி மாணவர் இறந்தபோது இந்தப் பெயர் அடிபட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. இணைப்புகளை நீக்கச் சொல்லி மத்திய அரசு இணைய நிறுவனங்களுக்கு எழுதியது. ஆனால் 2018 ஜனவரியில், ஆராய்ந்து பார்த்த வரையில் எந்த மரணத்துக்கும் அந்த விளையாட்டுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை என மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. இல்லாத பூதத்தை விரட்ட எல்லோரும் ஓடினோம். பிள்ளை ஏன் தனியாக இருக்கிறான் என்ற கேள்வியை அநேகமாக யாரும் கேட்கவில்லை.

அடுத்து பப்ஜி. 2020 செப்டம்பர் 2-ல் முடக்கப்பட்ட 118 செயலிகளில் அதுவும் ஒன்று. எங்கள் தெருவில் அம்மாக்களுக்கெல்லாம் தீபாவளி! ஆனால் உத்தரவு போட்டது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில். அதில் சொன்ன காரணம் நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு. பிள்ளைகளைப் பற்றி அல்ல. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரை முடக்கியபோதும் இதே கதைதான். பப்ஜி 2021-ல் வேறு பெயரில் திரும்ப வந்தது, 2022 ஜூலையில் மீண்டும் காணாமல் போனது, 2023 மே மாதம் மறுபடி வந்தது. இந்த முறை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாளைக்கு 3 மணி நேரம் என்ற வரம்போடு வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் வயதை யார் சொல்வது? விளையாடுகிறவன்தான்.

நடுவில் 2021 ஜூனில் எங்களுக்கு மிகப் பக்கத்திலேயே ஒரு சம்பவம் நடந்தது. பப்ஜி விளையாடிக்கொண்டே யூடியூபில் ஆபாசமாகப் பேசியதாகப் புகாருக்கு ஆளான ஒருவரைச் சென்னை போலீசார் தருமபுரியில் வைத்துக் கைது செய்தார்கள். அந்தச் சேனலைப் பார்த்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். வழக்கைப் பற்றி நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. எனக்கு அதில் உறுத்தியது வேறு. அத்தனை பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று, பெரியவர்களின் காதில் விழவே அத்தனை நாள் ஆகியிருக்கிறது.

சரி, இப்போது எல்லைக்கு வருவோம். ஓசூரிலிருந்து பெங்களூர் போகிறவர்களுக்கு ஜூஜூவாடியும் அத்திப்பள்ளியும் நன்றாகத் தெரியும். சில நிமிட தூரத்தில் சட்டம் மாறிவிடும். லாட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு 2003 ஜனவரியில் தடை செய்தது, கர்நாடகம் 2007-ல்தான் செய்தது. ஆன்லைன் ரம்மியில் இது இன்னும் வேடிக்கையாக நடந்தது. 2020 நவம்பரில் தமிழ்நாடு அவசரச் சட்டம் போட்டுப் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்தது. அதாவது ஜூஜூவாடியில் குற்றம், அத்திப்பள்ளியில் இல்லை. 2021 ஆகஸ்டு 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. இரண்டே மாதத்தில், அக்டோபரில், கர்நாடகம் தடை போட்டது. இப்போது அத்திப்பள்ளியில் குற்றம், ஜூஜூவாடியில் இல்லை! 2022 பிப்ரவரி 14-ல் அதுவும் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. பிறகு நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்தது, 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் மீண்டும் அவசரச் சட்டம் வந்தது. அதை நிரந்தரமாக்கும் மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த நவம்பரிலேயே ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி அவற்றின் மீதான தடையை நீதிமன்றம் நீக்கியது. மூச்சு வாங்குகிறதா? எனக்கும்தான்.

இருந்தாலும் அந்தச் சட்டத்தால் ஒரு உருப்படியான காரியம் நடந்தது. தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் உருவானது. 2025 பிப்ரவரியில் அது விதிகள் கொண்டுவந்தது. பணம் வைத்து ஆடும் விளையாட்டில் 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, ஆதார் மூலம் சரிபார்க்க வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2025 ஜூன் 3-ல் விதிகள் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்து மூன்று மாதம் முடிவதற்குள், ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றையும் நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். இந்த முறை ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் ஒரே சட்டம்.

இவ்வளவும் படித்து முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ஐந்து வருடச் சட்டச் சண்டையும் பெரியவர்கள் பணம் வைத்து ஆடுவதைப் பற்றியது. என் தம்பி ஆடியது சூதாட்டமே இல்லை. ஆட்டம் இலவசம், சட்டை மட்டும் காசு, பேச்சுத் துணைக்கு முகம் தெரியாத அண்ணா இலவசம். இந்த இடத்தில் நம் சட்டங்கள் இப்போதுதான் எட்டிப் பார்க்கின்றன. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவல்களைக் கையாள, சரிபார்க்கப்பட்ட பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-இன் தனிநபர் தரவுச் சட்டம். விதிகள் வந்தது 2025 நவம்பரில், முக்கியக் கடமைகளுக்கு இன்னும் 18 மாத அவகாசம். 2021 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகம் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு அறிவுரை வெளியிட்டது. கேமுக்குள் வாங்குவதில் கவனம், அந்நியரோடு வாய்ஸ் சேட் வேண்டாம் என்றெல்லாம் நல்ல குறிப்புகள். எங்கள் வீட்டுக்கு அது வந்து சேரவே இல்லை.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று பார்த்தேன். தென் கொரியா 2011-ல் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆடக்கூடாது என்று சட்டம் போட்டது. பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். பத்து வருடம் கழித்து அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் நடந்தது எனக்கு அதிகம் பிடித்தது. 2022 டிசம்பரில் 'ஃபோர்ட்நைட்' தயாரித்த எபிக் நிறுவனம் மொத்தம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. சிறுவர்களின் தகவலைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் சேகரித்தது, அந்நியரோடு பேசும் வசதியைத் தொடக்கத்திலேயே திறந்து வைத்தது, தவறுதலாக அழுத்தினாலே பணம் போகும்படி பட்டன்களை அமைத்தது, இவையெல்லாம் குற்றச்சாட்டுகள். அதாவது "கேமே அப்படித்தான் கேக்குது" என்று என் தம்பி சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது!

மீதிப் பாதி எங்கள் வீட்டில் இருந்தது. அவனுடைய கணக்கைத் திறந்து பார்த்தால் பிறந்த வருடம் 1984. அம்மாவுடையது. கொரியாப் பிள்ளைகள் செய்த அதே வேலை. அம்மாவின் யுபிஐ ரகசிய எண் அவனுக்கு எப்படித் தெரியும் என்றால், அம்மாவுக்குக் கரண்ட் பில் கட்டத் தெரியாததால் அவன்தான் கட்டிக்கொடுப்பான். வருடம் முழுக்க வீட்டுக்கு உதவியாக இருந்ததற்கு அவனை யாரும் பாராட்டியது கிடையாது.

நான் செய்தது கொஞ்சம்தான். பழைய கணக்கை மூடி, சரியான வயதில் புதுக் கணக்கு தொடங்கி, வாய்ஸ் சேட்டை நண்பர்களுக்கு மட்டும் வைத்தேன். யுபிஐ எண்ணை மாற்றி அம்மாவுக்குப் பில் கட்டச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது முறையில் பிடித்துக்கொண்டார். பணம் திரும்பக் கேட்டு ஒரு விண்ணப்பமும் போட்டிருக்கிறேன். சைபர் குற்றப் புகாருக்கு 1930, சிறுவர்களுக்கு ஏதாவது என்றால் 1098, இரண்டையும் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியாயிற்று. (நம் மாநிலத்துப் பழைய சூதாட்டச் சட்டம் வந்த வருடமும் 1930தான், தற்செயல்.)

தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனாகவே வந்து, "அந்த அண்ணா ஒருதடவ என் போட்டோ கேட்டாரு, நான் அனுப்பல" என்றான். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா போனப் புடுங்கிடுவீங்கல்ல" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிறார். இதை அவரிடம் நானே சொல்வதா, அவனைச் சொல்ல வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.