கடல் கடந்த கைத்திறம்

மும்பைச் சௌபாத்திக் கடற்கரையிலோ கொல்கத்தா மைதானத்திலோ மாலை வேளையில் உலவிய நேயர்களுக்கு, எண்ணெய்ப் புட்டிகளை ஏந்திக்கொண்டு வரும் மாலிஷ்காரரைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1957-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பியாசா’ என்னும் இந்திப் படத்தில் ஜானி வாக்கர் ஏற்று நடித்த வேடம் அதுவே. தலையையும் கழுத்தையும் அழுத்திப் பிசைந்து அசதி போக்கும் அவ்வேலைக்கு வடநாட்டார் ‘சம்பி’ என்று பெயர் சொல்வர். நாம் ‘உடம்பு பிடித்துவிடுதல்’ என்போம். இப்போது நகரங்களில் பேட்டைதோறும் தோன்றியிருக்கும் ‘ஸ்பா’ நிலையங்களில், குளிர்பதன அறையில், மெல்லிய விளக்கொளியில், கணிசமான கட்டணம் பெற்றுக்கொண்டு செய்யப்படுவதும் அடிப்படையில் இதே வேலைதான். கடற்கரை மணலில் சில்லறைக்கு நடந்த தொழில், அரசர்களும் நாடிய சிகிச்சையாக ஒரு காலத்தில் மேனாட்டில் உயர்ந்தது எப்படி என்பது சுவையான வரலாறு. அதன் நடுவே நிற்பவர், பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் சென்ற ஓர் இந்தியர்.

எண்ணெய் தேய்த்து உடலை நீவுதல் மருத்துவமாகவும் அன்றாட ஒழுக்கமாகவும் நம் நாட்டில் மிகப் பழங்காலத்திலேயே கருதப்பட்டது. சரக சம்ஹிதை அதனை நாள்தோறும் செய்யத்தக்க கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமோ, அரண்மனைப் பணியாளரிடையே உடம்பு பிடிப்போரைக் குறிப்பதோடு, ஒற்றர் பூணத்தக்க வேடங்களில் அதனையும் சேர்த்திருக்கிறது. அரசனின் தோளைத் தொடும் உரிமை பெற்றவன் செவிக்கு அரசனின் பேச்சும் எட்டும் அல்லவா?

சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தில் இத்தொழிலாளி ஒருவன் நேரிலேயே நம் முன் வருகிறான். அவன் பாடலிபுத்திரத்தில் நல்ல குடும்பத்தில் பிறந்தவன். பொழுதுபோக்குக் கலையாகக் கற்றுக்கொண்டது, உஜ்ஜயினிக்கு வந்து சேர்ந்தபின் அவனுக்கு வயிற்றுப்பாடாகிவிட்டது. வள்ளல் சாருதத்தனிடம் வேலை பார்த்தான், வள்ளல் வறியவனானதும் வேலை போயிற்று, சூதாடிக் கடன்பட்டான், வசந்தசேனை கடனைத் தீர்த்து மீட்டாள், அவன் பௌத்தத் துறவியானான். அயலூரில் பிழைக்க வந்தவனின் இத்தனை அலைச்சல்களையும் அந்நாடக ஆசிரியர் வேடிக்கையாகவும் பரிவோடும் காட்டியிருக்கிறார்.

அந்நாடகம் தோன்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், பாடலிபுத்திரம் பாட்னாவாகிவிட்ட காலத்தில், 1759-ஆம் ஆண்டு அதே நகரில் பிறந்தவர் சேக் தீன் மகமது. தந்தை கிழக்கிந்தியக் கும்பெனியின் வங்காளப் படையில் பணிபுரிந்து, மகன் சிறுவனாக இருக்கையிலேயே மறைந்தார். காட்ஃப்ரே பேக்கர் என்னும் ஐரிஷ் அதிகாரியின் பின்னே 1769-இல் பாசறைக்குச் சென்ற சிறுவர், பதினைந்தாண்டுக் காலம் படையோடு வடநாடெங்கும் திரிந்து, சுபேதார் பதவி வரை உயர்ந்தார். பேக்கர் பதவியைத் துறந்து தாயகம் திரும்பியபோது மகமதுவும் உடன் கப்பலேறி, 1784-இல் அயர்லாந்தின் கார்க் நகரை அடைந்தார். அங்கே ஜேன் டேலி என்னும் பெண்ணை 1786-இல் மணந்தார். அதன்பொருட்டு அந்நாட்டுத் திருச்சபையையும் தழுவினார். 1794-இல் தம் பயண அனுபவங்களை 38 கடிதங்களின் வடிவில் அவர் எழுதி வெளியிட்டதே, இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல். இந்திய ஆங்கில இலக்கியத்தின் தலைவாசலில், படைமுகாமில் வளர்ந்த ஒருவர் நிற்கிறார் என்பது நினைக்கத்தக்கது.

ஆயினும் நூல் எழுதிக் குடும்பம் நடத்த எக்காலத்திலும் இயலாது போலும்! 1807-ஆம் ஆண்டை ஒட்டி அவர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பேசில் காக்ரேன் என்னும் செல்வர் போர்ட்மன் சதுக்கத்து மாளிகையில் நீராவிக் குளியல் நிலையம் ஒன்றை நடத்திவந்தார். இவரைப் பற்றித் தமிழ் நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கும்பெனி ஊழியராகச் சென்னைக்கு வந்து, ஆங்கிலக் கடற்படைக்கு உணவுப்பண்டங்கள் வழங்கும் ஒப்பந்தம் பெற்றுப் பெரும்பொருள் திரட்டித் திரும்பியவர் அவர். சென்னைத் துறையில் ஈட்டிய பொருள் லண்டனில் நீராவியாகப் பறந்தது. அந்நிலையத்தில்தான் மகமது நீராவிக் குளியலோடு சம்பியையும் சேர்த்துச் செய்யத் தொடங்கினார்.

1810-இல் அதே சுற்றுப்புறத்தில், ஜார்ஜ் தெருவில், ‘இந்துஸ்தான் காப்பி இல்லம்’ ஒன்றைத் தாமே திறந்தார். இந்தியாவில் வாழ்ந்து திரும்பிய கனவான்கள் நம் நாட்டு உணவை உண்டு, உக்காவும் புகைக்கலாம் என்பது ஏற்பாடு. சுவையில் குறையில்லை என்றே தெரிகிறது. வரவுக்கு மேல் செலவாயிற்று. 1812-இல் அவர் கடன் தீர்க்க வகையற்றவராக அறிவிக்கப்பட்டார். மறு ஆண்டு, யாரேனும் ஒரு கனவான் வீட்டில் பணியாள் வேலை வேண்டுமென்று செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். அப்போது வயது ஐம்பத்து நான்கு. மனைவி மக்கள் உடனிருந்தனர். தாய்நாடு விட்டு முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த நிலையில் ஒருவர் கையில் எஞ்சியிருப்பது என்ன? அவருக்கு எஞ்சியிருந்தது கைத்திறம் ஒன்றே.

1814-இல் தென்கடற்கரை ஊராகிய பிரைட்டனுக்குச் சென்றார். கடல்நீர் நோய் தீர்க்கும் என்று 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்னும் மருத்துவர் எழுதியதிலிருந்து அவ்வூருக்குச் செல்வர்கள் திரண்டுகொண்டிருந்தனர். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் அங்கே தமக்கோர் அரண்மனை வைத்திருந்தார். 1815 முதல் ஜான் நாஷ் என்னும் சிற்பி அதனை இந்தியப் பாணிக் குவிமாடங்களோடு புதுக்கிக் கட்டலானார். இந்தியாவின் பேரில் ஆர்வம் பரவியிருந்த அச்சூழல் மகமதுவுக்கு வாய்ப்பாக அமைந்தது. தொடக்கத்தில் ஊரார் நகைத்தனர். பலருக்குக் கட்டணமின்றியே செய்து காட்டினார். 1821-இல் கடலை நோக்கிச் சொந்தக் குளியல் நிலையம் எழுந்தது.

சிகிச்சை நடந்த விதம் இது. நோயாளி முதலில் மூலிகை கலந்த நீராவியில் வியர்க்க வியர்க்க இருப்பார். அவரைச் சுற்றிக் கம்பளித் துணியாலான கூடாரம் ஒன்று. கூடாரத்தின் பக்கங்களில் சட்டைக்கை போன்ற உறைகள் தைக்கப்பட்டிருக்கும். பிடித்துவிடுபவர் வெளியில் நின்று, அவ்வுறைகளின் வழியே கைகளை நுழைத்து, தசைகளையும் மூட்டுகளையும் அழுத்திப் பிசைவார். வெப்பத்தில் தளர்ந்த தசை விரலுக்கு எளிதில் இணங்கும் என்பதை நம் வீட்டு எண்ணெய்க் குளியல் அறிந்தோர் உடனே உணர்வர். பெண்கள் பகுதியை ஜேன் அம்மையார் கவனித்துக்கொண்டார். வாதநோயும் மூட்டுவலியும் தீர்ந்து நடந்து சென்றவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் அந்நிலையத்தில் காட்சிக்குத் தொங்கின. நான்காம் ஜார்ஜும், அவருக்குப் பின் நான்காம் வில்லியமும் அவரைத் தமக்குரிய ‘ஷாம்பூயிங் சர்ஜன்’ என நியமித்தனர்.

‘ஷாம்பூயிங்’ என்ற சொல்லைக் கேட்டு நேயர்கள் புன்னகைக்கலாம். அமுக்கு, பிசை எனப் பொருள்படும் இந்திச் சொல்லே ஆங்கிலத்தில் அவ்வாறு உருமாறியது. 1762-ஆம் ஆண்டளவிலேயே அது அம்மொழியில் ஏறிவிட்டது. மகமதுவின் காலத்தில் அதற்கு உடம்பு பிடித்தல் என்றே பொருள். தலைமுடி கழுவுதல் என்ற பொருள் 1860-களில்தான் வழங்கலாயிற்று. பின்னர் அச்சொல் ஒரு பண்டத்தின் பெயராகி நம்மிடமே திரும்பிவந்து, சீயக்காயின் இடத்தைப் பிடித்தது. அதனைச் சிறு உறைகளில் அடைத்து ஏழை எளியோர் வாங்கும்படி விற்பதற்கு வழிகாட்டியவர் கடலூர்த் தமிழரான சின்னி கிருஷ்ணன் என்பதையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி, சற்றுச் சங்கடமான செய்தி. 1822-இல் மகமது தம் சிகிச்சையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பின்னாளில் அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டதில், தாம் 1749-இல் பிறந்தவரென்றும் முறையாக மருத்துவம் பயின்றவரென்றும் வந்தது. இளமையில் தாமே எழுதிய பயண நூலோடு ஒப்பிட்டால் இது பொருந்தவில்லை. அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்து 1996-இல் நூல் எழுதிய மைக்கேல் ஃபிஷர் இம்முரண்பாட்டை விளக்கியிருக்கிறார். பத்து வயதைக் கூட்டிக்கொண்டால்தான், படைக்குப் போவதற்கு முன் மருத்துவம் கற்க இடமிருக்கும்!

அவரைப் பொய்யர் என்று தள்ளிவிடுவது எளிது. நம் நாட்டில் இக்கைத்தொழிலைப் பெரும்பாலும் நாவிதர் முதலியோரிடம் விட்டு, அவர்களைத் தாழ்வாகவே நடத்திவந்தோம். பிரைட்டனிலோ சான்றிதழ் உடைய மருத்துவர்கள் பலர் போட்டிக்கு நின்றனர். வெறுங்கையின் திறம் என்று சொன்னால் இங்கும் மதிப்பில்லை, அங்கும் மதிப்பில்லை. அவருடைய புனைவைப் பாராட்ட வேண்டியதில்லை. ஆனால் அதனை அவசியமாக்கிய மதிப்பீட்டில் நமக்கும் பங்குண்டு என்பது என் கருத்து. அதே பிசையும் வேலைக்கு உரிய மதிப்பைக் காக்க லண்டனில் செவிலியர் நால்வர் 1894-இல் சங்கம் தொடங்கினர். இன்றைய இயன்முறை மருத்துவர் சங்கமாக வளர்ந்தது அதுதான்.

விக்டோரியா அரசிக்குப் பிரைட்டன் பிடிக்கவில்லை. அரண்மனை ஆதரவு குன்றியது, போட்டி நிலையங்கள் பெருகின, நிலையம் கைமாறியது. 1851 பிப்ரவரி 24-இல் அவ்வூரிலேயே மகமது காலமானார். தூய நிக்கலஸ் ஆலயத்துக் கல்லறையில் அவருடைய வயது 101 என்று பொறித்திருக்கிறது. உண்மையில் தொண்ணூற்றிரண்டுக்கு மேல் இராது. குளியல் நிலையம் நின்ற இடத்தில் பிறகு ஒரு தங்கும் விடுதி எழுந்தது. லண்டன் ஜார்ஜ் தெருவில் அவருடைய உணவகத்தை நினைவுகூரும் பலகையை 2005-இல் பதித்தார்கள்.

அவருடைய பேரர் ஃபிரடரிக் அக்பர் மகமது, லண்டன் கைஸ் மருத்துவமனையில் முறையாகப் பயின்று பட்டம் பெற்ற மருத்துவர். நாடித் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியைத் திருத்தியமைத்து, சிறுநீரகம் கெடுவதற்கு முன்னரே இரத்த அழுத்தம் உயரக்கூடும் என்பதை 1870-களில் காட்டியவர்களுள் அவர் முதன்மையானவர். குடற்காய்ச்சலுக்கு இரையாகி, 1884-இல், முப்பத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தார்.