ஆறடிப் படுக்கையும் ஒரு குறிப்பேடும்

டோக்கியோவில் உகுயிசுதானி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நெகிஷி என்றொரு பழைய குடியிருப்பு இருக்கிறது. அதன் சந்து ஒன்றில் ஒரு சின்ன மரவீட்டை நினைவில்லமாகக் காத்துவருகிறார்கள். 1945ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் எரிந்துபோன வீட்டை 1950இல் பழைய அமைப்பு மாறாமல் திரும்பக் கட்டினார்கள். அந்த வீட்டில் வாழ்ந்தவரின் எழுதுமேசை உயரம் குறைந்தது. பலகையின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். நீட்ட முடியாமல் மடங்கிப்போன இடது காலின் முழங்காலை நுழைத்துக்கொள்ளத்தான் அந்த வெட்டு. அப்படி உட்கார்ந்து எழுதியவர் மசாவோகா ஷிகி. 1867இல் மத்சுயாமா நகரில் பிறந்து, 1902இல் முப்பத்தைந்து வயது நிறையும் முன்பே இறந்துபோனவர். ஜப்பானியக் கவிதையையும் உரைநடையையும் அன்றாட வாழ்க்கையின் பக்கம் திருப்பியவர்களில் முதன்மையானவர்.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் கூடி எழுதிப் பழகுகிறோம். அண்மைக் காலமாக அங்கே வருகிறவர்கள் ஒரு புதுக் காரணம் சொல்கிறார்கள். “மனசு ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது டீச்சர், எழுதினா சரியாகும்னு சொன்னாங்க” என்கிறார்கள். மைண்ட்ஃபுல்னெஸ் என்ற சொல் ஆபீஸ் பயிற்சி வகுப்பிலிருந்து அலைபேசிச் செயலி வரை வந்துவிட்ட காலம் இது. வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை. ஷிகியின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் காகிதத்தைக் கையில் கொடுக்கிறேன்.

ஷிகி எழுதத் தொடங்கிய காலத்தில் ஜப்பானியக் குறுங்கவிதை சடங்காகிப் போயிருந்தது. அந்தக் கவிதையின் பேராசானான பாஷோ 1694இல் இறந்து இரண்டு நூற்றாண்டு ஆகியிருந்தது. ஊருக்கு ஊர் கவிதைக் குருமார்கள் இருந்தார்கள். மாதந்தோறும் தலைப்பு கொடுப்பார்கள். சீடர்கள் கட்டணம் கட்டி எழுதித் தருவார்கள். குரு மதிப்பெண் போடுவார், பரிசும் கொடுப்பார். வசந்தம் என்றால் எந்தப் பறவை, இலையுதிர் காலம் என்றால் எந்தச் சோகம் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிட்ட விஷயங்கள். ஜன்னலைத் திறந்து பார்க்காமலே பருவகாலக் கவிதை எழுதிவிடலாம்.

இது எனக்கு நன்றாகத் தெரிந்த நோய். மழையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் வகுப்பு முழுவதும் ஒரே மழை பெய்யும். வானம் இருளும், குளிர்ந்த காற்று வீசும், மயில் தோகை விரிக்கும், உழவர் உள்ளம் மகிழும். நோட்ஸில் இருந்த மழை அது. ஒரு வருஷம் ஒரு பையன் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தான். ஓட்டு ஒழுகலுக்கு அடியில் வைத்த அலுமினியச் சட்டியில் முதலில் ‘டங் டங்’ என்று கேட்டதாம், தண்ணீர் ஏற ஏறச் சத்தம் மாறிக்கொண்டே வந்ததாம். அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனைத் தவிர வேறு யாராலும் அதை எழுதியிருக்க முடியாது.

ஷிகி அந்தச் சடங்கை எதிர்த்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதலில் பழையதை முழுக்கப் படித்தார். பல நூற்றாண்டுகளின் கவிதைகளைத் தேடித் தேடிப் படித்து, பருவம் பருவமாக, பொருள் பொருளாக வகைப்படுத்தி எழுதிவைத்தார். ஆயுள் முழுக்க நீண்ட அந்தத் தொகுப்பு ஒரு லட்சம் கவிதைகளுக்கும் மேல் வளர்ந்தது. அந்த உழைப்பு தந்த துணிவில்தான் ‘நிப்பான்’ நாளிதழில் பாஷோவின் கவிதைகள் எல்லாமே உயர்ந்தவை அல்ல என்று எழுதினார். பாஷோவைத் தெய்வமாகக் கும்பிட்ட காலத்தில் எழுதினார். ஓவியரும் கவிஞருமான பூசோனைத் தூக்கி நிறுத்தினார். தொடர்கவிதையின் தொடக்க அடியாக இருந்ததைத் தனித்து நிற்கும் கவிதையாக நிலைநாட்டி, ஹைக்கூ என்ற பெயரை வழக்கமாக்கியதும் அவர்தான்.

அடுத்த பாடம் ஓர் ஓவியரிடமிருந்து வந்தது. 1894இல் ஷிகி ஆசிரியராக இருந்த ஒரு சிறு நாளிதழில் நகமுரா ஃபுசெத்சு படம் வரைய வந்தார். மேற்கத்திய முறையில் பயின்றவர். கண்ணெதிரே உள்ளதை அப்படியே வரைந்து பழகவேண்டும் என்பது அவர் பள்ளி. இருவரும் ஓயாமல் வாதாடினார்கள். ஷிகிக்கு அது மனதில் விழுந்தது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தின் கடைசியில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நெகிஷியைச் சுற்றியுள்ள வயல்வெளிகளில் திரிந்தார். அறுவடை முடிந்த தாள்கள், வரப்பு, அங்கே நின்ற செடிகொடிகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் நின்ற இடத்திலேயே எழுதினார். இந்த முறைக்கு ‘ஷசெய்’ என்று பெயர். உள்ளதை உள்ளபடி வரைதல். அந்த ஃபுசெத்சு பின்னாளில் அமைத்த எழுத்துக்கலை அருங்காட்சியகம் இன்று ஷிகியின் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது.

நடந்து திரிந்து எழுதும் வாய்ப்பு அவருக்கு நீடிக்கவில்லை. 1889இலேயே ரத்தம் துப்பியவர் அவர். ஷிகி என்ற புனைபெயரே, ரத்தம் கக்கும் வரை கூவும் என்று சொல்லப்படும் குயிலினப் பறவையின் பெயர். 1895இல் சீனப் போருக்கு நிருபராகப் போனார். திரும்பும் கப்பலில் நோய் முற்றி, கோபே நகர மருத்துவமனையில் கிடந்தார். தேறியபின் மத்சுயாமாவில் பள்ளி ஆசிரியராக இருந்த நண்பர் நத்சுமே சோசெகியின் வீட்டில் தங்கினார். அடுத்த ஆண்டு மருத்துவர் காசம் முதுகெலும்பில் இறங்கிவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு வீடு, பிறகு அறை, கடைசியில் படுக்கை என்று அவருடைய உலகம் சுருங்கியது. அம்மா யாயேவும் தங்கை ரித்சுவும் பார்த்துக்கொண்டார்கள்.

உலகம் சுருங்கியபோது அவர் பார்வை கூர்மையானது. பனி பெய்த ஒரு நாளில், எழுந்து பார்க்க முடியாமல், எவ்வளவு உயரம் பனி விழுந்திருக்கிறது என்று வீட்டாரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்ததை 1896இல் கவிதையாக்கினார். 1899 டிசம்பரில் சீடர் தகஹாமா கியோஷி காகிதத் தட்டிக் கதவுகளுக்குப் பதிலாகக் கண்ணாடிக் கதவுகள் போட்டுக் கொடுத்தார். அன்று முதல் கண்ணாடி வழியே தெரிந்த வீட்டின் துக்கடாத் தோட்டம் அவருக்குச் சொந்தமானது. கோழிக்கொண்டைச் செடிகளும் பீர்க்கம் பந்தலும்தான் அங்கே பெரிய காட்சிகள். 1900இல் கோழிக்கொண்டையைப் பற்றி ஒரு ஹைக்கூ எழுதினார். செடிகள் உத்தேசமாக எத்தனை இருக்கும் என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை. அது கவிதைதானா என்று ஜப்பானிய விமர்சகர்கள் பல பத்தாண்டு சண்டை போட்டார்கள். பூச்சாடியில் வைத்த விஸ்டேரியாக் கொத்தின் நுனிக்கும் தரைப்பாய்க்கும் நடுவே இருந்த இடைவெளியை வைத்தும் ஒரு கவிதை செய்தார். நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு அந்த இடைவெளி தட்டுப்படாது. படுத்துக் கிடப்பவன் கண்ணுக்கு நேராக இருப்பது அதுதான்.

1901 ஜனவரி 16 முதல் ஜூலை 2 வரை ‘நிப்பான்’ நாளிதழில் நாள்தோறும் போல ஒரு சிறு பத்தி எழுதினார். ‘ஒரு துளி மை’ என்று தலைப்பு. புத்தாண்டுப் பரிசாக வந்த சிறு பூகோள உருண்டை, தலைமாட்டில் கிடக்கும் சாமான்கள், படித்த கவிதைகள் என்று எல்லாம் அதில் உண்டு. 1902 மே 5 முதல் ‘ஆறடி நோய்ப்படுக்கை’ தொடங்கியது. ஒருநாள், அவர் உடம்பை எண்ணி ஓய்வு கொடுக்கலாம் என்று பத்திரிகையில் பத்தியை நிறுத்திவைத்தார்கள். காலையில் பத்திரிகையைப் பிரித்துத் தன் எழுத்தைக் காணாமல் ஷிகி அழுதுவிட்டார். தன் உயிரே அந்தப் பத்தியில்தான் இருக்கிறது, கொஞ்சமாவது போடுங்கள் என்று கடிதம் எழுதினார். பத்தி மறுபடி வந்தது. செப்டம்பர் 17 வரை 127 பத்திகள் வெளியாயின. அதற்கு இரண்டு நாள் கழித்து அவர் இறந்தார்.

இப்படிச் சொன்னால் ஏதோ சாந்தமே உருவான ஞானி என்று தோன்றும். அந்தப் படம் தவறு. அதே காலத்தில் அச்சுக்கென்று எழுதாத ஒரு நாட்குறிப்பும் வைத்திருந்தார். காலையில் எத்தனை கிண்ணம் கஞ்சி, மதியம் எவ்வளவு பச்சை மீன், எத்தனை பேரிக்காய், புண்ணின் கட்டு மாற்றியது, மலம் கழித்தது எல்லாம் அதில் கூச்சமில்லாமல் இருக்கிறது. வலியில் கத்தியதும் அழுததும் இருக்கிறது. தங்கை ரித்சுவைக் கல்நெஞ்சக்காரி என்று திட்டுகிறார். சமையலும் வீட்டு வேலையும் தாதியின் வேலையும் தன் எழுத்து வேலையும் சேர்த்துப் பார்ப்பவள் அவள்தான், அவள் இல்லாமல் ஒருநாளும் தள்ளாது என்றும் எழுதுகிறார். 1901 அக்டோபரில் வீட்டில் தனியாக இருந்த ஒரு பொழுதில் உயிரை விட்டுவிடும் எண்ணம் வந்து போராடியதைக்கூட மறைக்கவில்லை. தனக்குள் நடந்ததையும் தோட்டத்துச் செடியைப் பார்த்த அதே கண்ணால் பார்த்து எழுதிவைத்தார்.

இதை அறிந்த பிறகுதான் அவர் ஜென்னைப் பற்றிச் சொன்னதன் எடை தெரியும். ஞானம் என்பது எந்த நிலையிலும் கலங்காமல் சாகத் தெரிவது என்று இத்தனை நாள் எண்ணியிருந்ததாகவும், அது பிழை, எந்த நிலையிலும் கலங்காமல் வாழத் தெரிவதே ஞானம் என்றும் 1902 ஜூனில் எழுதினார். மார்ஃபியா குடித்து வலி சற்றே தணியும் நேரத்தில் பழங்களையும் பூக்களையும் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த மனிதர் சொன்னது இது. வலி போனபிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. வலியோடு கிடந்த நேரத்தில் ஒரு பழத்தை முழுதாகப் பார்த்தார். நான் வகுப்பில் அழுத்திச் சொல்வது இதைத்தான். மனம் அமைதியான பிறகு எழுத உட்காருவோம் என்று இருந்தால் உட்காரவே மாட்டோம். எழுத உட்கார்ந்தால்தான் கண் பார்க்கத் தொடங்கும்.

ஷிகி தனியாளாக இதைச் செய்யவில்லை. 1897இல் மத்சுயாமாவில் ‘ஹோதோதோகிசு’ என்ற இதழ் தொடங்கியது. அடுத்த ஆண்டு டோக்கியோவுக்கு மாறி கியோஷியின் பொறுப்பில் வந்தது. 1900 முதல் ஷிகியின் படுக்கையைச் சுற்றி நண்பர்கள் கூடி உரைநடை வாசித்தார்கள். ஷசெய் முறையில் எழுதிய சிறு வாழ்க்கைச் சித்திரங்கள் அவை. நல்ல எழுத்தில் மலைபோல ஓர் உச்சி இருக்கவேண்டும் என்பது ஷிகியின் கட்டளை. அதனால் அந்தக் கூட்டத்துக்கே மலைக்கூட்டம் என்று பெயர் வந்தது. பால்மாடு வைத்துப் பிழைத்த இதோ சாச்சியோ அவர் சீடர்களில் ஒருவர். இதழ் இன்னொரு காரியமும் செய்தது. வாசகர்களே தங்கள் அன்றாட நாட்குறிப்பை எழுதி அனுப்பும்படி கேட்டு, வந்தவற்றை அச்சிட்டது. பெயர்பெற்ற எழுத்தாளராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அன்று நீ என்ன பார்த்தாய், என்ன செய்தாய் என்பதே கேள்வி. குருவும் கட்டணமும் தலைப்பும் இருந்த இடத்தில் சாதாரண மனிதரின் ஒரு நாள் வந்து உட்கார்ந்தது.

1902 செப்டம்பர் 18 காலையில் ரித்சுவும் சீடர் கவாஹிகாஷி ஹெகிகோதோவும் துணைநிற்க, ஷிகி கடைசியாக மூன்று ஹைக்கூக்கள் எழுதினார். மூன்றும் தோட்டத்துப் பீர்க்கைப் பற்றியவை. பீர்க்கங்கொடியின் நீர் அங்கே சளிக்கு மருந்து. நள்ளிரவு தாண்டி உயிர் போனது. சோசெகி அப்போது லண்டனில் இருந்தார். அவருக்குச் செய்தி நவம்பரில்தான் கிடைத்தது. அவர் எழுதிய ‘நான் ஒரு பூனை’ 1904 டிசம்பரில் அதே மலைக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, அடுத்த மாதம் ‘ஹோதோதோகிசு’வில் வெளிவந்தது. நவீன ஜப்பானிய நாவலின் பெரிய எழுத்தாளர் ஒருவர் அந்தப் படுக்கையைச் சுற்றி வளர்ந்த பழக்கத்திலிருந்து புறப்பட்டார். இதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

நம் பக்கம் இந்தக் கவிதை வடிவத்தை முதலில் கவனித்தவர் பாரதி. 1916இல் புதுச்சேரியில் இருந்தபடி ‘சுதேசமித்திர’னில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதி, அதன் சொற்சுருக்கத்தை வியந்தார். 1984இல் அமுதபாரதியின் ‘புள்ளிப்பூக்கள்’, அறிவுமதியின் ‘புல்லின் நுனியில் பனித்துளி’ என்று தமிழ் ஹைக்கூத் தொகுப்புகள் வரத் தொடங்கின. பிறகு ஹைக்கூ நம்மிடம் வெள்ளமாகப் பெருகியது. ஆனால் மூன்றாம் அடியில் ஒரு திடுக்கிடலைத்தான் நம்மில் பலர் எடுத்துக்கொண்டோம். குறிப்பேட்டோடு வரப்பில் நின்றதை எடுத்துக்கொள்ளவில்லை. வாசகரின் நாட்குறிப்பைக் கேட்டு வாங்கிய அந்தப் பத்திரிகைப் பழக்கமும் நம்மிடம் வேர்பிடிக்கவில்லை.

ஆகவே சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்கும் நூலக வாசகர் வட்டங்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. கவிதைப் போட்டிக்குத் தலைப்பு கொடுப்பதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். முக்கூடலில் பீடி சுற்றும் பெண்ணிடமும், பத்தமடையில் பாய் நெய்கிறவரிடமும், இரவு பஸ்ஸின் கண்டக்டரிடமும், நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளிடமும் அவர்களுடைய ஒரு நாளை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தெரியாது என்றால் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள். வந்ததைத் திருத்தாமல் அச்சிடுங்கள். படிக்கிற நீங்களும் இன்று ராத்திரி படுக்குமுன், இன்றைக்கு உங்கள் கண்ணில் மட்டும் பட்ட ஒன்றைத் தேதி போட்டு எழுதிவையுங்கள்.