பட்டறை இறக்கையில் ஒரு பேராசிரியரின் கை: டேனிஷ் காற்றாலை வரலாறு குறித்து

டென்மார்க்கின் காற்றாலை வரலாற்றைப் பேசும்போது மத்தியாஸ் ஹைமானின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தவிர்க்க முடியாது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் உயர்கல்வி கற்ற பொறியாளர்கள் அளவுமீறிய தன்னம்பிக்கையோடு ராட்சத இயந்திரங்களைக் கட்டித் தோற்றார்கள். டென்மார்க்கில் தச்சரும் கொல்லரும் சிறிதாகத் தொடங்கி, படிப்படியாகத் திருத்தி வென்றார்கள் என்பது அவர் வாசிப்பு. முதல் பாதியை மறுப்பதற்கில்லை. 100 மீட்டர் விட்டத்தோடு 1983இல் இயங்கத் தொடங்கிய ஜெர்மனியின் க்ரோவியன் காற்றாலை, பெரும்பாலும் ஓடாமலே நின்று 1987இல் முடிவுக்கு வந்தது. இரண்டாம் பாதிதான் இடறுகிறது. பட்டறைக்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை ஹைமான் போதிய அளவு துருவவில்லை.

1970களின் இறுதியில் சிறு பட்டறைகளுக்காக எரிக் க்ரோவ்-நீல்சன் வார்த்துக் கொடுத்த கண்ணாடியிழை இறக்கையின் அடிப்பகுதியைக் கூர்ந்து பார்க்கலாம். இழைக்கற்றைகள் ஒவ்வொரு போல்ட்டின் உறையையும் சுற்றி வளைத்து, மீண்டும் இறக்கைக்குள்ளேயே ஓடுகின்றன. இறக்கையின் இழுவிசையைப் பசை மட்டும் தாங்குவதில்லை. வளைந்த இழையே போல்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. இந்த அமைப்பு டென்மார்க்கின் த்விண்ட் பள்ளியிலிருந்து வந்தது. அங்கே ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 1978இல் 2 மெகாவாட் காற்றாலை ஒன்றை எழுப்பியிருந்தார்கள். த்விண்ட் குழுவினர் அதை எடுத்துக்கொண்டதோ ஷ்டுட்கார்ட் பேராசிரியர் உல்ரிஷ் ஹூட்டரிடமிருந்து. 1950களில் 34 மீட்டர் விட்டமுள்ள தம் 100 கிலோவாட் இயந்திரத்துக்கு அவர் கையாண்ட முறை அது. ஹைமானின் கணக்கில் ஹூட்டர் தோற்ற தரப்பைச் சேர்ந்தவர். ஆனால் வென்ற தரப்பின் இறக்கையைத் தாங்கி நின்றது அவருடைய இணைப்புதான்!

பட்டறைக்குக் கல்விசார் அறிவு வந்த கதை ஹூட்டர் ஒருவரோடு முடியவில்லை. 1978இல் டென்மார்க்கின் ரீசோ ஆய்வகத்தில் காற்றாலைச் சோதனை நிலையம் அமைந்தது. மறு ஆண்டு அரசு 30 விழுக்காடு மானியம் அறிவித்தபோது, அந்த நிலையம் ஏற்பளித்த இயந்திரங்களுக்கே அது கிடைத்தது. ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக் அமைப்புகள் வேண்டும் என்றது ரீசோ. பட்டறைக்காரர் இயந்திரத்தைக் கொண்டுவந்தார், ஆய்வாளர் அளந்து குறை சொன்னார், இருவரும் சேர்ந்து திருத்தினார்கள். பின்னாளில் தமிழ்நாட்டின் கயத்தாற்றில் டேனிஷ் உதவியோடு ஒரு சோதனை நிலையம் எழுந்தபோதும், வந்து சேர்ந்தது இதே ஏற்பாடுதான்.

இன்னும் பின்னோக்கிப் போனால் சான்று மெலிகிறது. ஆயினும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1891இல் ஆஸ்கோவ் மக்கள் உயர்பள்ளியில் அரசு உதவியோடு சோதனைக் காற்றாலை அமைத்த பௌல் லா கூர், காற்றுச் சுரங்கத்தில் இறக்கைகளை அளந்தவர். அவரிடம் 1904இல் பயின்ற யொஹானஸ் யூல்தான் பின்னாளில் டென்மார்க்கின் கெட்சரில் எழுந்த 200 கிலோவாட் காற்றாலையை வடிவமைத்தார். இடையே நாற்பது ஆண்டுக்கு மேல் இடைவெளி. ஆயினும் 1940களின் இறுதியில் யூல் மீண்டும் இத்துறைக்கு வந்தபோது காற்றுச் சுரங்கச் சோதனையிலிருந்தே தொடங்கினார். அவரைக் கைத்தொழில் மரபின் மூதாதையாக மட்டும் காட்டுவது பாதி உண்மை.

கெட்சர் காற்றாலைக்கு 1956, 1957 என இரு ஆண்டுகள் வழங்குகின்றன. ஓடத் தொடங்கியதைக் கணக்கிட்டால் 1957 பொருந்தும். ரீசோவின் பிரேக் நிபந்தனைக்கு, கெட்சரில் யூல் பொருத்திய இறக்கைநுனி பிரேக் முன்மாதிரியா, அக்காலத்தில் புயலில் கட்டுமீறிச் சுழன்று உடைந்த இயந்திரங்கள் காரணமா என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். பழைய கெட்சர் இயந்திரத்தில் மறுஅளவீடு தொடங்கியது 1977இல்; ரீசோ நிலையம் பிறந்தது மறு ஆண்டில். கால வரிசை முதல் விளக்கத்துக்கு இடம் தருகிறது, அதை உறுதிசெய்யவில்லை.