ஊற்றுக்கு முதலில் வந்தவர்கள்

கொடைக்கானல் வரலாறு என்றால் ஏரியில்தான் தொடங்குவார்கள். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டினார்கள், 1863இல் மதுரை கலெக்டர் பதவி வகித்த லெவிஞ்ச் ஓடைகளை மறித்து ஏரி அமைத்தார் என்று. மறித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது, அதுவரை அதை யார் குடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பழனி மலையில் ஓடுவது ஊற்றுத் தண்ணீர். மேலே புல்வெளி, மடிப்புகளில் சோலை. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் மெல்லக் கசியவிடும். அந்தக் கசிவை ஒட்டித்தான் வயலும் ஊரும். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அந்த நிலத்தில் குன்னுவ வேளாளருக்கு முன்பு பயிரிட்டவர்கள் யார்? பிரான்சிஸ் எழுதிய 1906ஆம் ஆண்டு மதுரை கெசட்டியர் குன்னுவர்களின் மரபுக் கதையையே பதிவு செய்திருக்கிறது. தாராபுரம், காங்கேயம் பக்கமிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் அவர்கள் மலையேறினார்கள். விருப்பாட்சி, ஆயக்குடி பாளையக்காரர்கள் நிலத்தில் குடியேற உதவினார்கள். அதுவரை அங்கே பயிரிட்டவர்கள் புலையர். அவர்களை விரட்டி, பிறகு பண்ணையடிமைகளாக்கினார்கள். இவ்வளவையும் எழுதிய கெசட்டியர், புலையர்களைச் சோம்பேறிகள் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறது. சோம்பேறியை அடிமையாக்கியா வயல் உழுவார்கள்?

நிலம் போனால் ஊற்றும் போகும். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் நிறைவேற்ற வைத்த தீர்மானம், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் குளமும் நமக்கும் உண்டு என்றது. அடுத்தவர் வயலுக்குள் அகப்பட்ட சுனை பொதுவா, தனியா?

இன்று சண்டை வேறு இடத்தில். 2006 வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, நீர்நிலைகளையும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் தருகிறது. ஆக, வன உரிமை கிடைத்தால்தான் ஊற்றின் மீது பேச்சுரிமை. பளியர் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். புலையர் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரி நெடுங்காலமாக மனுக் கொடுத்துவருகிறார்கள். அதனால் சட்டத்தின் கண்ணில் இவர்கள் 'பிற மரபுவழி வனவாசிகள்'. 13.12.2005க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பட்டா இல்லாமல் ஆக்கப்பட்டவர்களிடம் காகிதம் கேட்கிறார்கள்!

காகிதம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் விதிகளில் 13ஆவது விதி, கெசட்டியரையும் சான்றாக ஏற்கச் சொல்கிறது. மனுவோடு 1906ஆம் ஆண்டின் அந்தப் பக்கத்தையும் இணையுங்கள் தோழர்களே. சோம்பேறி என்ற சொல்லை அடிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.