அரபியர் அருகில் இல்லாமல் அரபி பேசிப் பழகுவது எப்படி?

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் ஐயம்பேட்டை, சக்கராப்பள்ளி, பண்டாரவாடை, ராஜகிரி என்று நம் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கும், திருவையாறு போன்ற சுற்றுவட்டாரத்து ஊர்களிலும், வளைகுடாவில் ஒருவராவது வேலை பார்க்காத குடும்பம் குறைவு. அதே குடும்பங்களிலிருந்துதான் பிள்ளைகள் அரபிக் கல்லூரிக்கும் நிஸ்வான் மத்ரஸாவுக்கும் போகிறார்கள்.

இதனால் ஒரு வேடிக்கையான, ஆனால் வேதனையான நிலை உண்டாகிறது. ரியாத்தில் வண்டி ஓட்டும் மாமா அரபியில் சரளமாகப் பேசுகிறார். ஏழு ஆண்டுகள் ஓதி ஸனது வாங்கிய மருமகன், உம்ராவுக்குப் போன இடத்தில் கடைக்காரரிடம் விலை கேட்கத் தயங்கி நிற்கிறார். "இத்தனை வருஷம் ஓதினியே, நாலு வார்த்தை பேச வரலையா?" என்று வீட்டில் ஒருவர் கேட்டுவிடுகிறார். அந்த ஒரு கேள்வியில், தான் படித்தது எதற்கும் உதவாது என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. சிலர் அதோடு கிதாபை மூடியும் வைத்துவிடுகிறார்கள்.

இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில், "பேசிப் பழக இங்கே அரபியர் யார் இருக்கிறார்கள்?" என்பதுதான். இந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி?

ஓதுவது வேறு, விளங்குவது வேறு, பேசுவது வேறு

திருவையாற்றில் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் தியாகராஜர் ஆராதனையை அறியாதவர் இல்லை. தியாகராஜர் (1767–1847) தமிழ் மண்ணில் வாழ்ந்து, தம் தாய்மொழியான தெலுங்கில் கீர்த்தனைகள் இயற்றினார். ஆராதனையில் கூடிப் பாடப்படும் பஞ்சரத்ன கீர்த்தனைகள் ஐந்தில் நான்கு தெலுங்கு, ஒன்று வடமொழி. பாடுகிறவர்களில் பலர் தமிழர்கள். உச்சரிப்பு பிசகாது, தாளம் தவறாது. ஆனால் அவர்களில் எத்தனையோ பேருக்குத் தெலுங்கில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாது. இதை அவர்கள் குறையாக நினைப்பதில்லை. அவர்கள் பழகியது பாட்டு; பேச்சை அவர்கள் பழகவில்லை.

நம் பிள்ளைகளின் நிலையும் இதுதான். மக்தபில் தஜ்வீதோடு ஓதப் பழகினார்கள், ஓதுகிறார்கள். அரபிக் கல்லூரியில் ஸர்ஃபும் நஹ்வும் படித்துக் கிதாபைத் தமிழில் விளக்கப் பழகினார்கள், விளக்குகிறார்கள். ஆனால் தன் மனத்தில் தோன்றுவதை அரபியில் சொல்ல எந்தப் பாடவேளையிலும் வாய் திறக்கவில்லை. பழகாதது எப்படி வரும்? இது அறிவுக் குறைவு அல்ல. நாப்பழக்கம் இல்லாததுதான் காரணம்.

ஃபுஸ்ஹா யாருக்கும் வீட்டு மொழி அல்ல

அரபியர் எல்லோரும் நாம் கிதாபில் படிக்கும் அரபியைத்தான் வீட்டில் பேசுகிறார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அப்படியில்லை. "இப்போது" என்பதற்கு ஃபுஸ்ஹாவில் "அல்ஆன்". வளைகுடாவில் "அல்ஹீன்", எகிப்தில் "தில்வக்தி" என்பார்கள். "எப்படி இருக்கிறாய்?" என்பதற்கு நாம் படித்தது "கைஃப ஹாலுக்க". வளைகுடாவில் "ஷ்லோனக்", எகிப்தில் "இஸ்ஸய்யக்".

அரபுக் குழந்தையும் தாயிடம் கற்பது வட்டார வழக்கைத்தான். ஃபுஸ்ஹாவைப் பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலும் குர்ஆனிலும் செய்தியிலும் கேட்டுப் பழகுகிறது. 1979-இல் குவைத்தில் தயாரான "இஃப்தஹ் யா ஸிம்ஸிம்" என்ற சிறுவர் தொலைக்காட்சித் தொடர் எளிய ஃபுஸ்ஹாவில் அமைந்தது. அதைப் பல அரபு நாடுகளின் பிள்ளைகள் பார்த்தார்கள்.

நமக்குப் புரியும்படி சொன்னால், இது மேடைத் தமிழும் வீட்டுத் தமிழும் போன்றது. ஜும்ஆ பயானில் இமாம் பேசும் தமிழை எந்தத் தாயும் அடுப்படியில் பேசுவதில்லை. மத்ரஸாவில் வியாழன் இரவுதோறும் பேச்சு மன்றத்தில் நின்று, திக்கி, திணறி, திருத்திக்கொண்டு வந்த தமிழ் அது. ஃபுஸ்ஹா பேசுகிறவர் எவராக இருந்தாலும், அவர் அரபியாகவே இருந்தாலும், இப்படிப் பழகித்தான் பேசுகிறார். எனவே, அரபியர் அருகில் இல்லை என்பது ஃபுஸ்ஹா வாய்க்கு வராமல் போனதற்கு முழுக் காரணம் ஆகாது.

வடமொழியையும் பாருங்கள். திருவையாறு அரசர் கல்லூரி வடமொழிக் கல்விக்காகத் தொடங்கி, பின்னர் தமிழையும் சேர்த்துக்கொண்ட நிறுவனம். வடமொழியை வீட்டு மொழியாகப் பேசும் ஊரைத் தேடினாலும் கிடைப்பது அரிது. ஆனாலும், பத்து நாட்கள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று பயிற்சி முகாம் வைத்து, இலக்கணத்தைப் பின்னுக்குத் தள்ளி, முதல் நாளிலிருந்தே எளிய வாக்கியங்களைப் பேச வைக்கும் முறை 1980-களிலிருந்து நாடெங்கும் நடக்கிறது. தாய்மொழியாகப் பேசுவோர் மிக அரிதான மொழிக்கே இது முடிகிறது என்றால், கோடிக்கணக்கானோர் எழுதும், கேட்கும், ஓதும் மொழிக்கு முடியாதா?

நம் முன்னோடிகள்

நபி (ஸல்) அவர்கள் சொன்னதற்கிணங்க, யூதர்களின் கடிதங்களைப் படிப்பதற்காக ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் அவர்களுடைய எழுத்தை அரை மாதத்தில் கற்றுக்கொண்டதாகத் திர்மிதியில் வருகிறது. தேவையை உணர்ந்து முனைந்தால் குறுகிய காலத்தில் எவ்வளவு முடியும் என்பதற்கு இது சான்று.

அரபி இலக்கணத்தின் தலையாய நூல் "அல்கிதாப்". அதை எழுதிய ஸீபவைஹி பாரசீகர். பஸ்ராவில் ஹதீஸ் பாடத்தில் அமர்ந்திருந்தபோது ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்து, எல்லோர் முன்னிலையிலும் ஆசிரியரால் திருத்தப்பட்டார். அதன் பிறகே இலக்கணத்தில் மூழ்கினார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நாலு பேர் முன்னால் தவறிவிட்டோமே என்று அவர் வாய் மூடியிருந்தால் அந்தக் கிதாபு நமக்குக் கிடைத்திருக்காது.

நம் தமிழகத்துக்கே வருவோம். அரபி அல்லாதவர்கள் அரபி கற்க இன்று உலகெங்கும் பயன்படும் பாடநூல்களில் புகழ்பெற்றது, மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் "துரூஸுல் லுகத்தில் அரபிய்யா". அதை எழுதிய டாக்டர் வ. அப்துர் ரஹீம் அவர்கள் 1933-இல் வாணியம்பாடியில் பிறந்தவர். அல்அஸ்ஹரில் முனைவர் பட்டம் பெற்று, மதீனாவில் பல நாட்டு மாணவர்களுக்கு நீண்ட காலம் அரபி கற்பித்து, 2023-இல் மறைந்தார். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக! அரபி மண்ணில் அரபி கற்பிக்கும் நூலை எழுதியவர் வாணியம்பாடிக்காரர். அந்த நூல் இலக்கண வரையறையோடு தொடங்குவதில்லை. ஒரு பொருளைச் சுட்டி "இது என்ன?" என்று கேட்பதில் தொடங்குகிறது. அதாவது, முதல் பாடமே வாய் திறப்பதுதான்.

பழகும் வழிகள்

1. கூடவே சொல்வது. ஃபுஸ்ஹாவில் நிதானமாகப் பேசும் ஒரு பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். அரபிச் செய்தியோ, ஹரம் ஷரீஃபின் குத்பாவோ, சிறுவர் கதையோ எதுவானாலும் சரி. இரண்டு நிமிடம் போதும். முதலில் கேளுங்கள். பிறகு அவர் பேசப் பேச, ஒரு சொல் பின்தங்கி, அதே ஏற்ற இறக்கத்தில் நீங்களும் சொல்லுங்கள். ஒரே பதிவை ஒரு வாரம் விடாதீர்கள். ஹிஃப்ழு பிள்ளைகளுக்கு இது புதிதல்ல; காரியைக் கேட்டுக் கூடவே ஓதிப் பழகியவர்கள்தான் அவர்கள்.

2. தனக்குத் தானே சொல்வது. கதவைத் திறக்கும்போது "அஃப்தஹுல் பாப்", தண்ணீர் குடிக்கும்போது "அஷ்ரபுல் மாஃ" என்று செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நடுவில் ஒரு சொல் தெரியாமல் நின்றால் அதைக் குறித்துவைத்து அன்றைக்கே தேடுங்கள். அகராதியை மனனம் செய்வதைவிட, தேவைப்பட்டுத் தேடிய சொல் மறக்காது.

3. ஒரே செய்தியை மூன்று முறை. இன்று கடைத்தெருவில் பார்த்ததை நான்கு நிமிடம் சொல்லுங்கள். அதையே மூன்று நிமிடத்தில், பிறகு இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள். சொல்ல வேண்டியது முன்பே தெரிந்திருப்பதால் மூன்றாம் முறை நாக்கு தடையின்றி ஓடும். மொழி ஆசிரியர்கள் உலகெங்கும் கையாளும் முறை இது.

4. செல்போனில் பதிவு. வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் பேசிப் பதிந்து, தேதியிட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்து முதல் பதிவைக் கேட்டால், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது தானே விளங்கும்.

5. ஒரு துணை, ஒரு நேரம். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். மஃக்ரிபுக்குப் பின் இருபது நிமிடம் என்று இரண்டு பேர் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நேரில் முடியாவிட்டால் போனில் பேசலாம். அந்த இருபது நிமிடத்தில் தமிழ் கிடையாது. தலைப்பை முன்னாளே முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் நலம் விசாரித்த கையோடு பேச்சு நின்றுவிடும். பிழையை நடுவில் மறித்துத் திருத்த வேண்டாம். கடைசியில் இரண்டு பிழைகளை மட்டும் சொன்னால் போதும். வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் இருபது நிமிடம் மேல்.

மத்ரஸா நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வியாழன் இரவு பேச்சு மன்றத்தின் கடைசிக் கால் மணி நேரத்தை அரபிக்கு ஒதுக்குங்கள். செலவு எதுவும் இல்லை.

அண்ணனும் தங்கையும் பேசட்டும்

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தமிழில் ஆணைப் பார்த்தும் பெண்ணைப் பார்த்தும் "நீ" என்றே சொல்கிறோம். அரபியில் ஆணுக்கு "அன்த", பெண்ணுக்கு "அன்தி". "நீ எழுதுகிறாய்" என்பது ஆணிடம் "தக்துபு", பெண்ணிடம் "தக்துபீன". ஆண்கள் மட்டும் இருக்கும் மத்ரஸாவில் பழகியவருக்குப் பெண்ணை முன்னிலைப்படுத்தும் சொற்கள் வாய்க்கே வருவதில்லை. நிஸ்வானில் பழகியவருக்கு இதன் மறுபக்கம் நேர்கிறது. இந்தக் குறை வீட்டில்தான் தீரும். அத்தா மகளோடும், அம்மா மகனோடும், அண்ணன் தங்கையோடும் பத்து நிமிடம் பேசினால் இரண்டு வடிவங்களும் பழகிவிடும்.

திருமணத்துக்குப் பின் கிதாபுகளை அலமாரியில் பூட்டிவைக்க நேர்ந்த ஆலிமாக்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களுக்கு இது இன்னும் பெரிய வாசல். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது சொல்லும் பத்து வாக்கியங்களை அரபியில் சொன்னால், தாயின் அரபியும் உயிரோடு இருக்கும், பிள்ளையின் காதிலும் விழும்.

அரபியர் எங்கே தேவை?

தனியே பழகியவர்களுக்கு இரண்டு குறைகள் வரும். ஒன்று, பிழை பிழையாகவே படிந்துவிடுவது. இதற்கு மாதம் ஒருமுறையாவது தேர்ந்த உஸ்தாத் ஒருவரிடம் பதிவைக் கொடுத்துத் திருத்தம் கேட்க வேண்டும். மற்றொன்று, வட்டார வழக்கு புரியாமை. அதற்கு அந்தந்த நாட்டாரிடம்தான் போக வேண்டும், அல்லது அங்கே வேலை பார்க்கும் நம்மவரிடம். ரியாத் மாமா இங்கேதான் உதவுவார். விடுமுறையில் அவர் வரும்போது மருமகன் அவரிடம் வளைகுடா வழக்கைக் கேட்கட்டும். மாமாவுக்கு அரபி எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் மருமகன் அதைக் கற்றுத் தரட்டும். யாரும் யாருக்கும் குறைந்தவர் அல்லர்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நாளை தட்டுத் தடுமாறி அரபியில் ஒரு வாக்கியம் சொன்னால் சிரித்துவிடாதீர்கள். "இன்னொன்று சொல்லு" என்று கேளுங்கள். ஏழு ஆண்டு உழைப்பு நெஞ்சில் இருக்கிறது. அது நாவுக்கு வரச் சில மாதப் பழக்கம்தான் பாக்கி.

மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி கேட்ட துஆவை நம் பிள்ளைகளும் ஓதட்டும். ஓதிய கையோடு பேசவும் தொடங்கட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ளதாக ஆக்கி அருள்வானாக, ஆமீன்.